பின்னட்டைப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள்: மலைநாட்டில் ஜாஸ் இசைத்தட்டு சேர்க்கும் வழி

முதல் இசைத்தட்டை வாங்கும் முன் வீட்டில் ஈரம் ஏறாத ஒரு சுவரைக் கண்டுபிடியுங்கள். வெளிச்சுவர் வேண்டாம். மழைச்சாரல் அடிக்கிற பக்கம் வேண்டவே வேண்டாம். குசினி அடுப்பை ஒட்டிய சுவர் காய்ந்திருக்கும், ஆனால் சூடும் கரியும் ஏறும், அதுவும் ஆகாது. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் உட்சுவர்தான் சரி. சந்தேகமாக இருந்தால் மழைக்காலத்தில் ஒரு பழைய தோல் சப்பாத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். சப்பாத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால் உறைகளிலும் பிடிக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த வேலை அவ்வளவு முக்கியமில்லை. பனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நடந்து வரும் நமக்கு இதுதான் தொடக்கம்.

நான் ஹட்டனில் ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். ஜாஸ் என் காதுக்கு வந்ததே கடை வழியாகத்தான். அந்தக் காலத்தில் திருத்திய செட்டை இரவில் சிற்றலையில் வைத்துச் சோதிக்கும்போது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவரின் நிகழ்ச்சி வரும். டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெயின்' அதன் முகப்பு இசை. கோனோவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், இங்கிலிஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே அப்படிப் பேசினார். இசைத்தட்டில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வார். பெயர்களைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. தட்டுச் சேர்ப்பதிலும் அதையே முறையாக வைத்திருக்கிறேன். ஒரு நல்ல தட்டு வாங்குங்கள். அது மனப்பாடம் ஆகும்வரை கேளுங்கள். பின்னட்டையில் இருக்கும் பெயர்களில் உங்களை இழுத்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போங்கள். 'தலைசிறந்த நூறு' என்ற பட்டியல்களை வைத்து வாங்கியவர்களின் அலமாரியில் பாதித் தட்டுகள் கேட்கப்படாமலே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இயந்திரம். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை வெளிநாட்டு உறவினர் கொண்டு வந்து தந்தால், அதை அப்படியே சுவரில் செருகாதீர்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடலாம், ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. ரப்பர் பட்டையால் தட்டைச் சுழற்றும் பழைய பெல்ட் வகைகள் பலவற்றில் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றித்தான் சுழலும். 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று போக வேண்டிய தட்டு 28-க்கும் சற்றுக் குறைவாகச் சுற்றும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ட்ரம்பெட் அழுது வடியும். அந்த வகைக்கு பட்டை ஓடும் சக்கரமான புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றதாக வாங்கி மாற்ற வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள நேரடிச் சுழற்சி டர்ன்டேபிள் என்றால் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட்டை மட்டும் சரி செய்தால் போதும். தோட்டத்து மின்சார லைனின் கடைசியில் வீடு இருந்து வோல்ட் ஏறி இறங்கினாலும் அது வேகத்தை விடாது. என் கடைக்கு வந்து கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

சூட்கேஸ் மாதிரி மடக்குகிற மலிவான பிளேயர்களை வாங்காதீர்கள். அவற்றின் ஊசி தட்டின் மேல் அதிக பாரத்தை வைக்கும், பாரத்தைக் கூட்டிக் குறைக்க வழியும் இருக்காது. ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியான கார்ட்ரிட்ஜ், மூவிங் மேக்னட் வகையில் நல்லதாக ஒன்று போதும். உதாரணத்துக்கு ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95இ வகைக்கு 2 கிராம் பாரம். கண் மதிப்பில் வைக்க வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டர்ன்டேபிளை ரசமட்டம் வைத்து நேர்ப்படுத்துங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் தரை நேராக இருக்கிறது என்று நம்பவே கூடாது. பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் யாராவது நடந்தாலே ஊசி துள்ளும். அங்கே சுவரில் அடித்த தட்டுப்பலகைதான் தீர்வு.

சரி, முதல் தட்டு எது? மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. எல்லோரும் சொல்வதுதானே என்று தள்ளிவிடாதீர்கள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. ட்ரம்பெட் மைல்ஸ். டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன். ஆல்டோ சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லி. பியானோ பில் எவன்ஸ், ஒரு பாட்டுக்கு மட்டும் விண்டன் கெல்லி. பேஸ் பால் சேம்பர்ஸ். ட்ரம்ஸ் ஜிம்மி காப். வேறு எந்தத் தட்டிலிருந்தும் இத்தனை திசைகளுக்கு வழி பிரிவதில்லை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மார்ச் 2 அன்று மூலப் பதிவான மாஸ்டர் டேப் பதிவான இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டின் பள்ளத்தை வெட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் அமைந்துவிட்டன. கூடவே ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப் சரியான வேகத்தில் இருந்தது. அதை வைத்து 1990களில்தான் திருத்தினார்கள். தட்டோடு சேர்ந்து ஆர்மோனியமோ புல்லாங்குழலோ வாசித்துப் பார்க்க நினைப்பவர் திருத்திய பதிப்பையே வாங்க வேண்டும். வெறுமனே கேட்பவருக்குப் பழைய பதிப்பும் குறையில்லை, முப்பது வருஷத்துக்கு மேலாக உலகம் அதைத்தானே கேட்டது.

இனி பெயர்களுக்கு வருவோம். பியானோ உங்களை இழுத்தால் பில் எவன்ஸ். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற சின்ன நிலவறைக் கிளப்பில் அவருடைய மூவர் குழு வாசித்ததிலிருந்து இரண்டு தட்டுகள் வந்தன. 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. கிளாஸ் உரசுகிற சத்தமும் பேச்சுக்குரலும் நடுநடுவே கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அதற்குப் பிறகு பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. இரண்டில் எதை முதலில் வாங்குவது என்றால் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'.

ஆல்டோ பிடித்திருந்தால் கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்', 1958. இதில் தலைவர் கேனன்பால், மைல்ஸ் அவருக்குத் துணையாக வாசிக்கும் ஆள். ட்ரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. பிளேக்கியைப் பிடித்தால் அவருடைய 'மோனின்'. தப்பு மேளச் சத்தத்தில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜாஸ் எட்டாது என்று யாராவது சொன்னால் அவர்களை உட்கார வைத்து இந்தத் தட்டைப் போடுங்கள். பேஸ் என்றால் பால் சேம்பர்ஸ். கோல்ட்ரேனின் 'புளூ ட்ரெயின்' தட்டிலும் அவர்தான், 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டிலும் அவர்தான். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டில் 'மிஸ்டர் பி.சி.' என்ற பாட்டே அவர் பெயரில் வந்தது. முப்பத்துமூன்று வயதில் போய்விட்டார். அட்டையின் முன்பக்கத்தில் அவர் படம் வருவது அபூர்வம், தட்டைப் போட்டால் பாட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது அவர் விரல்கள்.

கோல்ட்ரேனைப் பின்தொடர்ந்தால் 'எ லவ் சுப்ரீம்' வரும். 1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவாகி 1965இல் இம்பல்ஸ் கம்பெனியில் வெளியானது. நாலு பகுதி. கடைசிப் பகுதியான 'சாம்' தொடங்கும்போது விரிகிற உறையைத் திறந்து வையுங்கள். அதில் கோல்ட்ரேன் கடவுளுக்கு எழுதிய கவிதை அச்சாகியிருக்கும். சாக்ஸபோன் அந்த வரிகளைத்தான் ஒவ்வொரு அசையாக வாசிக்கிறது. விருத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இதற்காகவே விரிகிற உறையுள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், போனில் கேட்பதோடு நின்றுவிட்டால் இது கிடைக்காது.

அங்கிருந்து அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன். 1971இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. பெயரில் இருக்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த தமிழர். சிவானந்தரின் சீடராக 1953இல் இலங்கைக்கு வந்து, கண்டியில் ஆசிரமம் அமைத்து வருஷக்கணக்கில் இங்கே இருந்தவர். 1966இல் அமெரிக்கா போனார், 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசினார். தட்டு தம்புராவோடு தொடங்கும். அதன் மேல் செசில் மக்பீயின் பேஸ் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போடும். பிறகு ஆலிஸின் ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன். 'சிவ லோகா' என்றே ஒரு பாட்டு இருக்கிறது. நம் மலையில் பல காலம் இருந்துபோன ஒருவரின் பெயர் ஜாஸின் பெரிய தட்டுகளில் ஒன்றின் மேல் இருக்கிறது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. பஜனை கேட்கிற வீட்டில் முதல் ஜாஸ் தட்டாக இதையே வாங்கலாம், வயதானவர்களும் கூட உட்கார்ந்து கேட்பார்கள்.

இலங்கையோடு தொடர்புள்ள இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். டேவ் புரூபெக் 1958இல் அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய சுற்றுப்பயணத்தில் இலங்கைக்கும் வந்தார். அதே பயணத்தில் துருக்கியில் தெருக் கலைஞர்கள் வாசித்த ஒன்பது அடித் தாளத்தைக் கேட்டு வைத்துக்கொண்டார். அது 1959இல் வந்த 'டைம் அவுட்' தட்டின் முதல் பாட்டாக இருக்கிறது. தக தக தக தகிட என்று தொடையில் போட்டுப் பாருங்கள், சரியாக விழும். அதே தட்டில் பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' தகிட தக. டியூக் எலிங்டன் குழு 1963இல் வந்தது. அந்தப் பயணத்தின் நினைவில் அவரும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதியது 'ஃபார் ஈஸ்ட் சூட்', 1967. டெல்லியில் கேட்ட மைனா ஒன்றின் கூவலை அதில் கிளாரினெட் திரும்பத் திரும்பச் சொல்லும்.

இன்னொரு பக்கம் பேஸ் வாசித்த சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்' இருக்கிறது. அதுவும் 1959, அதுவும் அவசியம். ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' தட்டைக் கொஞ்ச காலம் கழித்து வாங்குங்கள். பியானோவே இல்லாத அந்த இசைக்குக் காது முதலில் பழக வேண்டும்.

எங்கே கிடைக்கும்? மலைநாட்டில் பழைய தட்டுகளின் ஊற்று துரைமார் பங்களாக்கள். 1972, 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெட்டிகள் பங்களாச் சமையல்காரர்களான அப்புமார் வீடுகளிலும் கிளாக்கர்மார் வீடுகளிலும் பழைய சாமான் கடைகளிலும் சிதறின. பங்களாக்கள் ஹோட்டலாக மாறும்போது இன்னும் சில வெளியே வருகின்றன. கண்டியிலும் நுவரெலியாவிலும் பழைய தளபாடம் விற்கும் கடைகளில் ரேடியோவும் தட்டு பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கும் ரேடியோகிராமைக் கண்டால் கீழ் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தட்டுகள் அதற்குள்தான் இருக்கும், கடைக்காரர் அவற்றைக் கணக்கில் எடுத்திருக்கவே மாட்டார். தோட்டத்தில் பெரியவர்களிடம் கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள், நியாயமான விலை சொல்லுங்கள். "ஐயா, இதற்கு வெளியே இவ்வளவு தருவார்கள்" என்று நீங்களே சொல்லிவிடுவதுதான் நல்லது. அப்படிச் சொன்னால் அடுத்த லயத்தில் யாரிடம் இருக்கிறது என்று அவரே சொல்லி அனுப்புவார்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்புகள்தான் வரும், அதனால் முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் கொலம்பியா என்பது இஎம்ஐ கம்பெனியின் பெயர், அமெரிக்கக் கொலம்பியாவோடு அதற்கு அப்போது சம்பந்தம் இல்லை. அமெரிக்கக் கொலம்பியாவின் பதிவுகள் அங்கே 1962 வரை பிலிப்ஸ், ஃபொன்டானா முத்திரைகளில் வந்தன, பிறகு சிபிஎஸ். ஆகவே ஃபொன்டானா முத்திரையோடு 'கைண்ட் ஆஃப் புளூ' கிடைத்தால் அது போலி இல்லை, அந்தக் காலத்து அசல் பிரிட்டிஷ் பதிப்பு. விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். புளூ நோட் கம்பெனியின் அமெரிக்க முதல் பதிப்புகள் நம் பக்கம் அபூர்வம். அவற்றைத் துரத்திப் பணத்தைக் கரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நல்ல மறுபதிப்பின் விலையை ஒரே தட்டுக்குக் கொடுத்துவிட்டு அதைப் போடவே பயந்துகொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

கையில் எடுத்ததும் முதலில் மோந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் உறை போய்விட்டது, தட்டு பிழைக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக மினுங்கினால் நல்லது. பள்ளங்கள் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் ரேடியோகிராமின் பாரமான ஊசி தின்றுவிட்டது, எத்தனை முறை கழுவினாலும் திரும்பாது. கீறலை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள், நகம் தட்டினால் ஊசியும் தட்டும். விளிம்பைக் கண் மட்டத்தில் பிடித்து நெளிவு பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடுகோடாக இருந்தால் நிறையத் தடவை ஓடிய தட்டு. லாமினேட் செய்த பழைய பிரிட்டிஷ் உறைகளில் பின்பக்கம் மடித்து ஒட்டிய மடல்கள் ஈரத்தில் பிரிந்திருக்கும். அது பெரிய குறையில்லை, ஒட்டிக்கொள்ளலாம். ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் வேறு உறைகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பாரமான, தட்டினால் ஓடு போல் சத்தம் போடுகிற பத்து அங்குலத் தட்டுகள் வந்தால் அவை அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டுகள். அவற்றுக்கு அகன்ற ஊசி தனியாக வேண்டும், 33⅓ சுற்று எல்பி தட்டின் ஊசியை வைக்கக் கூடாது.

புதிதாக வாங்குபவர்களுக்கு இப்போது நல்ல காலம். புளூ நோட்டின் டோன் போயட் வரிசையும் கிளாசிக் வரிசையும் பெரும்பாலும் மூல டேப்பிலிருந்து கெவின் கிரே என்ற நிபுணர் வெட்டியவை. கிளாசிக் வரிசை விலை குறைவு, அதிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பாவில் 1963-க்கு முந்திய பதிவுகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் யார் யாரோ மலிவாக அச்சடிக்கிறார்கள். எந்த டேப்பிலிருந்து வெட்டியது என்று எங்கும் எழுதியிருக்காது. அதைத் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பதானால் தபால் கூலியையும் சுங்க வரியையும் முதலில் கூட்டிப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிவிடலாம். தட்டை உறைக்கு வெளியே தனியாக வைத்துப் பொதி செய்யும்படி விற்பவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் வழியில் தட்டு நகர்ந்து உறையின் தையலைக் கிழித்துவிடும். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்கும் கோவைக்கும் போன சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் வரும்போது கையில் கொண்டுவரச் சொல்லலாம். கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சான இந்தியப் பதிப்புகள் என் காதுக்கு இரைச்சல் கூடுதல், ஆனாலும் கேட்கத் தகுந்தவை.

கழுவுவதற்குக் காலம் பார்க்க வேண்டும். தேயிலைக்குத் தரமான பருவம் எதுவோ அதுவே தட்டுக் கழுவும் பருவம், ஏனென்றால் இரண்டுக்கும் காய்ந்த காற்று தேவை. திம்புள்ள, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் கச்சான் என்ற காய்ந்த காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர். பூஞ்சணம் பிடித்ததை வீட்டுக்கு வெளியே, மூக்கைக் கட்டிக்கொண்டு உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். ஊற்றுப் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் நிற்கும். காய்ச்சி வடித்த நீர் நாலு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மென்மையான துணியால் பள்ளத்தின் வழியே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. லேபிளில் நீர் படக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை துடைத்து, பாத்திரத் தட்டில் நிமிர்த்தி நிழலில் காய விடுங்கள். அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு துளிகூடப் படக் கூடாது, அரக்கு கரைந்து தட்டே போய்விடும்.

கழுவிய தட்டைப் பழைய காகித உள்ளுறைக்குள் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சணத்தின் வித்து அதில்தான் இருக்கிறது. மெல்லிய பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். கனமான பிவிசி வெளியுறை மினுமினுப்பாக இருக்கும், ஆனால் நாளாக ஆகத் தட்டின் மேல் மூட்டம் படிய வைத்துவிடும். நிமிர்த்தி அடுக்குங்கள், சாய்த்து வைத்தால் வளையும், படுக்க வைத்து மேலே மேலே ஏற்றினாலும் வளையும். பங்களாக்களில் துணி அலமாரிக்குள் ஈரத்துக்காக பல்ப் எரிய விடும் வழக்கத்தைத் தட்டுக்குச் செய்யாதீர்கள். சூட்டில் நெளிந்த தட்டை நிமிர்த்துவது பெரிய பாடு. சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, அவை ஈரம் குடித்ததும் மாற்றினால் போதும்.

அகர வரிசையில் அடுக்க வேண்டாம் என்பேன். பெயர்கள் கைகோத்துப் போகிற வரிசையில் அடுக்குங்கள்: மைல்ஸ், அடுத்து கேனன்பால், அடுத்து பிளேக்கி. இன்னொரு பக்கம் கோல்ட்ரேன், ஆலிஸ், ஃபாரோ. ஒவ்வொரு வெளியுறைக்குள்ளும் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். யாரைப் பின்தொடர்ந்து வந்த தட்டு, எங்கே கிடைத்தது, எந்த மாதம் கழுவியது என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை நம் ஈரத்தில் ஊறி அட்டையில் இறங்கிவிடும்.